சூடானால் நின்றுவிடும் கார்

காலையில் சாவியைத் திருப்பியதும் கார் ஒழுங்காகப் புறப்படுகிறது. இருபது நிமிடம் ஓடியபின் திணறுகிறது, இருமுகிறது, நடுச்சாலையில் நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் கழிந்ததும், ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடுகிறது!

என் மாமாவின் பழைய காருக்கு வந்த நோய் இது. பெட்ரோலில் தூசி என்றார் ஒருவர். பாட்டரி போய்விட்டது என்றார் இன்னொருவர். பாட்டரி புதிதாயிற்று, பெட்ரோல் பம்பும் புதிதாயிற்று, நோய் மட்டும் பழையபடியே இருந்தது. பழைய இரும்பு விலைக்குக் காரைக் கேட்டு ஆளும் வந்துவிட்டார்.

கடைசியாக வந்த வயதான மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. "வண்டி ஓடட்டும் சார். நின்னதும் பார்க்கலாம்" என்றார். கோளாறு இருக்கும்போதுதானே அதைக் கண்டுபிடிக்க முடியும்? மற்றவர்கள் எல்லோரும் ஆறிய எஞ்சினையே சோதித்திருந்தார்கள்.

அவர் என்ன செய்தார் என்பதற்கு முன், மின்பொறி எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். பாட்டரி தருவது 12 வோல்ட். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியோ சுமார் 0.6 மில்லிமீட்டர், அழுத்தப்பட்ட பெட்ரோல்–காற்றுக் கலவையில் அதைத் தாண்டப் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். இதைத் தருவது இக்னிஷன் காயில். இரும்பு உள்ளகத்தின் மீது இரண்டு கம்பிச்சுருள்கள். முதன்மைச் சுருளைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு சுற்றுகள் துணைச் சுருளில் உண்டு.

"அப்படியானால் 12-ஐ 100-ஆல் பெருக்கி, 1,200 வோல்ட்தானே வரும்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! 1831-இல் ஃபாரடே கண்ட மின்தூண்டல் விதியை நினைவுகூருங்கள். காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ, அவ்வளவு மின்னழுத்தம் தோன்றும். ஓடும் குழாய்நீரைச் சட்டென்று அடைத்தால் குழாய் 'டம்' என்று அதிர்கிறதல்லவா? அதுபோல், முதன்மைச் சுருளில் ஓடும் 4 ஆம்பியர் மின்னோட்டத்தைத் திடீரென வெட்டினால், அச்சுருளிலேயே 200, 300 வோல்ட் எழும்பும். அதன் 100 மடங்கு 20,000-க்கும் மேல்!

வெட்டும் வேலையை டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள 'பாயிண்ட்' செய்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 தடவை சுழன்றால், விநாடிக்கு 100 வெட்டு. ஆனால் பாயிண்ட் முழுதும் திறந்தாலே இடைவெளி 0.4 மில்லிமீட்டர்தான். திறக்கத் தொடங்கும்போதே மின்சாரம் அதைத் தாண்டிக் குதித்துவிடும். ஓட்டம் சட்டென்று நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும். இதைத் தடுக்கப் பாயிண்டுக்கு இணையாக ஒரு சிறு மின்தேக்கி உண்டு, கண்டென்சர் என்பார்கள். சுமார் 0.2 மைக்ரோஃபாரட். அந்தக் கணத்தில் மின்னோட்டத்தைத் தான் வாங்கிக்கொண்டு, பாயிண்ட் விலக அவகாசம் தருகிறது.

இனி மெக்கானிக்கைக் கவனிப்போம். கார் நின்றது. காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அதன் உலோக உடல் எஞ்சினைத் தொடும்படி வைத்து, எஞ்சினைச் சுழற்றச் சொன்னார். நீலநிறத்தில் 'சட் சட்' என்று வரவேண்டிய பொறி, மஞ்சளாக மெலிந்து வந்தது. ஆக, பெட்ரோல் குற்றவாளி அல்ல! டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார். பாயிண்ட் கருகியிருந்தது, அது விலகும்போதெல்லாம் அங்கே பெரிய பொறி பறந்தது. முன்பு பார்த்தவர்கள் பாயிண்டை அரத்தால் தேய்த்துச் சுத்தம் செய்தார்கள். கருகியது விளைவு, காரணம் அல்ல என்பதை அவர்கள் எண்ணவில்லை.

சூட்டில் காயிலும் கெடுவதுண்டு. ஆகவே அவர் முதலில் கண்டென்சரை மட்டும் மாற்றினார். எஞ்சின் இன்னும் சூடாகவே இருந்தது, பொறி நீலமாயிற்று. கண்டென்சருக்குள் சுருட்டப்பட்ட உலோகத் தகடும் காகிதமும் இருக்கும். சூட்டில் விரிவடையும்போது உள்ளிணைப்பு விட்டுப்போவதுண்டு. ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்ளும். அரைமணி நேர ஓய்வின் மர்மம் இதுதான். இருந்த உதிரிபாகங்களில் விலை மிகக் குறைந்தது அதுவே! இரும்புக்காரர் வெறுங்கையோடு திரும்பினார்.

இச்சோதனையை நீங்கள் தனியே செய்யக்கூடாது. 20,000 வோல்ட் கையை உதறவைக்கும். பெட்ரோல் ஆவி இருந்தால் தீயே பிடிக்கும்.

அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டி உருவாக்கிய இம்முறை, அம்பாஸடர், பத்மினி போன்ற நம் கார்களில் நெடுங்காலம் இருந்தது. இன்றைய கார்களில் பாயிண்ட் கிடையாது. மின்னோட்டத்தை வெட்டுவது டிரான்சிஸ்டர்; அது தேய்வதுமில்லை, கருகுவதுமில்லை. காயில் மட்டும் போகவில்லை. பல கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலைமீதும் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.