எக்ஸ்.எம்.எல். பைலில் தேட பைத்தான்

வேர்ட் 2007 அல்லது அதற்குப் பின் வந்த வேர்ட் தொகுப்பில் உருவாக்கிய டாக்குமெண்ட் ஒன்றைக் காப்பி எடுங்கள். காப்பியின் பெயரில் கடைசியாக உள்ள டாக்எக்ஸ் என்பதை ஜிப் என மாற்றித் திறந்து பாருங்கள். சில போல்டர்களும் எக்ஸ்.எம்.எல். பைல்களும் இருக்கும். நீங்கள் டைப் செய்த கடிதம் அவற்றில் ஒன்றில்தான் இருக்கிறது. எனவே, எக்ஸ்.எம்.எல். உங்கள் கம்ப்யூட்டருக்குப் புதியதல்ல.

1998ல் வரையறுக்கப்பட்ட இந்த முறையில் டேக்குகளின் பெயரை நாமே வைக்கலாம், தமிழிலும் வைக்கலாம். வீட்டில் உள்ள நூல்களுக்கு ஒரு பட்டியல் தயாரிப்போம். விலை கற்பனையே.

<நூலகம்>
<நூல் வகை="நாவல்">
<தலைப்பு>சிவகாமியின் சபதம்</தலைப்பு>
<ஆசிரியர்>கல்கி</ஆசிரியர்>
<விலை>350</விலை>
</நூல்>
</நூலகம்>

மற்ற நூல்களையும் இதே போல, கடைசி வரிக்கு முன்பாகச் சேருங்கள். சேவ் செய்கையில் என்கோடிங் என்ற இடத்தில் யு.டி.எப்.-8 இருக்கட்டும். பழைய விண்டோஸ் நோட்பேட் ஏ.என்.எஸ்.ஐ. என்பதையே எடுத்துக் கொள்ளும். தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

இதில் தேட நோட்பேடின் பைண்ட் வசதி போதாதா? கல்கி என்று தேடினால், அவர் எழுதிய நூலும் கிடைக்கும். அவரைப் பற்றி வேறொருவர் எழுதிய நூலின் தலைப்பும் கிடைக்கும். எது ஆசிரியர், எது தலைப்பு என்பது நோட்பேடுக்குத் தெரியாது. அதைத் தெரிந்து படிக்கும் புரோகிராமைத்தான் பார்சர் என்கிறோம்.

இலவசமாகக் கிடைக்கும் பைத்தான் மொழியில் 2006ல் வந்த 2.5 பதிப்பிலிருந்து எலிமெண்ட்ட்ரீ என்ற பார்சர் உடன் தரப்படுகிறது. தனியே எதையும் டவுன்லோட் செய்திட வேண்டியதில்லை. (கட்டளைகளை ஆங்கிலத்தில்தான் டைப் செய்திட வேண்டும், இங்கு ஒலிப்பை மட்டும் தமிழில் தருகிறோம்.) பார்ஸ் கட்டளை பைலைப் படித்து ஒரு மரமாக அமைக்கும். கெட்ரூட் அதன் வேரை, அதாவது நூலகம் என்பதை, நம் கையில் தரும். அங்கிருந்து ஃபைண்ட்ஆல் கொடுத்து நூல் என்று கேட்டால் எல்லா நூல்களும் வரிசையாக வந்துவிடும். ஆனால் தலைப்பு என்று கேட்டால் ஒன்றும் வராது. ஃபைண்ட்ஆல் அடுத்த படியில் உள்ள கிளைகளை மட்டுமே பார்க்கும் என்பதுதான் காரணம். பெயருக்கு முன் ஒரு புள்ளியும் இரண்டு சாய்கோடுகளும் சேர்த்தால் மரம் முழுவதும் தேடும். புதியவர்கள் அதிகம் திணறுவது இங்கேதான்.

நாவல் மட்டும் வேண்டுமா? நூல்[@வகை='நாவல்'] என்று கேளுங்கள். கல்கியின் நூல்களுக்கு நூல்[ஆசிரியர்='கல்கி'] போதும். ஆனால் விலை 200க்கு மேல் என்று இந்த அடைப்புக்குறிக்குள் கேட்க முடியாது. எலிமெண்ட்ட்ரீ அதை ஏற்பதில்லை. ஒவ்வொரு நூலாக எடுத்து, ஃபைண்ட்டெக்ஸ்ட் மூலம் விலையைப் பெற்று, நாம்தான் ஒப்பிட வேண்டும். அப்படிக் கிடைக்கும் விலை எண் அல்ல, வெறும் எழுத்துதான். இண்ட் கொண்டு எண்ணாக மாற்றாமல், இரண்டையும் எழுத்தாகவே ஒப்பிட்டால் 90 என்பது 200ஐ விடப் பெரியதாகிவிடும்! முதல் எழுத்தான 9, 2ஐ விடப் பெரியது அல்லவா? இதற்கு எர்ரர் செய்தி எதுவும் வராது. பட்டியல் தவறாக வரும், அவ்வளவுதான். விலைக்கு முன் ரூ. என்று சேர்த்திருந்தாலோ இண்ட் மறுத்துவிடும். எண்ணை மட்டும் எழுதுங்கள்.

ஒரு டேக்கை மூட மறந்தால் பைல் முழுவதையுமே பார்சர் நிராகரித்துவிடும். பிரவுசர் வெப் பக்கங்களில் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவது போல இங்கு நடக்காது. பயப்பட வேண்டாம், எர்ரர் செய்தியில் வரி எண் இருக்கும். அந்த வரியிலும் அதற்கு மேலே உள்ள வரிகளிலும் மூடாத டேக்கைத் தேடுங்கள்.