மடை திறந்தால் போதுமா, வடிகால் வேண்டாமா?

பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. ஏரி தளும்பினாலும் அத்தனை தண்ணீரையும் ஒரே நாளில் வயலுக்கு விடுவதில்லை; பயிருக்குத் தேவைப்படும்போதுதான் மதகு திறக்கும். பாய்ந்தது போக மிஞ்சியது வடிய வேண்டும். வடியாவிட்டால் நாற்று அழுகும்.

1990-இல் பிறந்த ஹாஸ்கெல் என்ற கணினி மொழி எண்களைப் பாய்ச்சுவதும் இப்படித்தான். ‘1 முதல் 1 கோடி வரை’ என்று எழுதினால் ஓர் எண்ணைக்கூட அது உடனே உருவாக்காது. கேட்டால் ஒன்று, மறுபடி கேட்டால் அடுத்தது. இதற்குச் சோம்பல் வரிசை என்று பெயர். முடிவே இல்லாத பகா எண் வரிசையை எழுதிவைத்து, முதல் நூறை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அழகான ஏற்பாடு!

பயன்பட்டு முடிந்த எண்களைக் குப்பை சேகரிப்பான் அகற்றுகிறது. இதுதான் வடிகால். அது அடைபடுவது எப்படி?

சராசரி காணும் நிரலையே பார்ப்போம். முதலில் எல்லா எண்களையும் கூட்டுகிறது. பிறகு அதே வரிசையில் எத்தனை எண்கள் என்று எண்ணுகிறது. இரண்டாவது வேலைக்கும் வரிசை வேண்டுமே என்று அதன் தலையை, அதாவது முதல் கண்ணியை, நிரல் விடாமல் பிடித்திருக்கும். கூட்டி முடித்த எண் எதையும் சேகரிப்பானால் தொட முடியாது. 64 பிட் கணினியில் வரிசையைக் கோக்கும் சங்கிலிக் கண்ணி ஒவ்வொன்றுக்கும் 24 பைட், அதிலுள்ள எண்ணுக்கு 16 பைட். 1 கோடி எண்களுக்கு ஏறத்தாழ 40 கோடி பைட்! கூட்டலையும் எண்ணிக்கையையும் ஒரே நடையில், அவ்வப்போதே முடித்துக்கொண்டு போனால் சில பைட்டுகளே போதும்.

‘அவ்வப்போதே’ என்பது முக்கியம். ஹாஸ்கெலின் ‘ஃபோல்டு-எல்’ என்ற செயற்கூறு கூட்டலையே தள்ளிப்போடும். செய்யாத கூட்டல்கள் கடன்சீட்டுகளாகக் குவியும். உடனுக்குடன் கூட்டும் ‘ஃபோல்டு-எல் பிரைம்’ இதற்கு மருந்து.

2007-இல் ரிச் ஹிக்கி வெளியிட்ட குளோஜர் மொழியிலும் இதே தொல்லை உண்டு. ‘தலையைப் பிடித்துக்கொண்டிருப்பது’ என்றே நிரலர்கள் இதைச் சொல்கிறார்கள்.

இது நமக்குத் தொலைவான சங்கதி அல்ல. ஐஐடி மெட்ராஸின் ‘சக்தி’ செயலிகள் புளூஸ்பெக் மொழியில் வடிவமைக்கப்பட்டவை. அந்த மொழியின் தொகுப்பான் ஹாஸ்கெலில் எழுதப்பட்டது. சிறுசேரி சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்திய ஹாஸ்கெல் பாடங்கள் என்பிடெல் தளத்தில் இருக்கின்றன. வில்லியனூரிலும் பாகூரிலும் கணினி படிக்கும் பிள்ளைகளே, அவற்றைப் பாருங்கள். சராசரி நிரலை இரண்டு விதமாகவும் எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று நீங்களே அளந்து பாருங்கள்.