வாகனத் திருப்பணியில் மின்கருவிகள்

பிரம்மோற்சவத்தில் பெருமாள் எழுந்தருளும் கருடனும், ஈசனைச் சுமந்து வீதிவலம் வரும் ரிஷபமும் பெரும்பாலும் மரத்தால் ஆனவையே. வெள்ளித் தகடோ வண்ணமோ மேலே போர்த்தியிருக்கும்; உள்ளிருந்து சுமப்பது மரம். பழுதுற்ற வாகனத்துக்கு மாற்றாகப் புதியதொன்றைச் சமர்ப்பிக்க விரும்பி, அரும்பாவூர், தம்மம்பட்டி போன்ற ஊர்களின் சிற்பக்கூடங்களை நாடும் முதிய அன்பர்கள், அங்கே உளியோசையோடு மின்கருவியின் இரைச்சலும் எழுவதைக் கேட்டுத் திகைக்கின்றனர். 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பமும் இயந்திரத்தின் கைக்குப் போய்விட்டதோ என்பது அவர்களது கவலை.

சிற்ப நூல்கள் வற்புறுத்துவன மரத்தின் தகுதியும் தாலமான அளவும் ஆகும். பருத்த மரத்தைச் சங்கிலி ரம்பத்தால் அறுப்பதும், பலகையை இழைப்பு இயந்திரத்தால் சமன் செய்வதும், கொடிக்கருக்கின் இடைவெளிகளை டிரில்லால் துளைப்பதும் சிற்பியின் தோள்வலியைக் குறைக்கின்றன, அளவைக் குலைப்பதில்லை. இவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

கவனம் வேண்டுவது அதற்கு அடுத்த நிலையில்தான். கொட்டாப்புளியால் உளியைத் தட்டும்போது மரத்தின் ரேகை எத்திசையில் ஓடுகிறது என்பதைக் கை உணர்கிறது. எதிர்த்தால் திசையை மாற்றிக்கொள்கிறது. சுழலும் முனைக்கு அவ்வுணர்வு இல்லை. ரேகையைப் பாராமல் அரைத்துச் செல்லும். மென்மரத்தில் நார் கிளம்பும். வேகம் மிகுந்தால் மரம் கருகும். ஆகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள சிறு கருவியையே தேர்ந்த சிற்பி வாங்குகிறார். கிரைண்டரில் ரம்பப் பல் வட்டைப் பூட்டி, காப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்வது விரலுக்கே ஆபத்து. வாகை மரத்தூள் கடுந்தும்மலை உண்டாக்குவது, முகமூடி இன்றியமையாதது.

கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரமும் இன்று உண்டு. ஒரே வடிவை எத்தனை முறை வேண்டுமானாலும் அது செதுக்கும். கதவுப் பலகைக்கு அது பொருந்தலாம். மேலிருந்து இறங்கும் முனை, இறகின் அடிப்புறத்துக்கோ மடிந்த விரலின் உட்புறத்துக்கோ எட்டாது. திருமுகத்தைக் கையால் முடிக்க வேண்டும் என்று உபயதாரர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நலம். கண் திறக்கும் வேளையிலோ மின்கருவிக்கு இடமே இல்லை.

வண்ணம் பூசுவதற்கு முன் ஒருமுறை நேரில் சென்று பார்ப்பதும் அவசியம். இயந்திரம் ஆழமாகத் தோண்டிவிட்ட இடங்களைப் பட்டி வைத்து மறைப்பதுண்டு; வண்ணம் ஏறியபின் அது கண்ணுக்குத் தெரியாது. குறிப்பாகக் கால்கள் பீடத்தோடு சேரும் பொருத்துகளைப் பார்க்க வேண்டும். ஸ்ரீபாதந்தாங்கிகள் தோளேற்றி நடக்கையில் குலுங்கும் பாரமெல்லாம் அங்கேதான் இறங்குகிறது.