எட்டு பர்சென்ட் எவ்வளவு?

குரோம்பேட்டையில் என் அத்தைக்கு ஒரு மாடி போர்ஷன் உண்டு. மகளோடு மஸ்கட் போனபோது, ஆள் பிடிப்பது, வாடகை வாங்குவது, ரிப்பேர் பார்ப்பது எல்லாவற்றையும் ஒரு பராமரிப்பாளரிடம் ஒப்படைத்தார். "மாசம் எட்டு பர்சென்ட்தாம்மா" என்றார் அவர். வாடகை 25,000 ரூபாய். இரண்டாயிரம்தானே என்று அத்தை தலையாட்டிவிட்டார்.

ஆண்டுக் கடைசியில் உட்கார்ந்து கூட்டினோம். மாதம் 2,000, அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 360, பன்னிரண்டு மாதத்துக்கு 28,320. புதிதாக ஆள் வைத்ததற்கு ஒரு மாத வாடகை, வரியோடு 29,500. ஆக 57,820 ரூபாய். மூன்று லட்சம் வாடகையில் எட்டு எங்கே, பத்தொன்பது எங்கே! இதில் ரிப்பேர் சேரவில்லை. மோட்டார் காயில் கட்டியதாக 6,500 ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. கடை பெயர் இல்லை, தேதி இல்லை.

கட்டணம் வாங்குவது தப்பில்லை. நள்ளிரவில் டேங்க் வழிந்தால் ஓடிப்போக ஓர் ஆள் வேண்டும்தான். ஆனால் வீடு காலியாக இருக்கும் மாதத்துக்கும் கட்டணம் உண்டா, அதே ஆள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் மறுபடி கமிஷனா, எவ்வளவு ரூபாய்க்கு மேல் ரிப்பேர் என்றால் உங்களைக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் முதலிலேயே எழுதி வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பதிவு எண் இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே முடியாது.

வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாடகையில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு எல்லோருக்கும் பொது. பராமரிப்பாளர் கட்டணத்துக்குத் தனிக் கழிவு கிடையாது. உரிமையாளர் வெளிநாட்டுவாசி என்றால் குடியிருப்பவர் வாடகையில் டி.டி.எஸ். பிடித்துத்தான் கொடுக்க வேண்டும். இதை மறைக்கும் பராமரிப்பாளர் குடியிருப்பவரையும் சேர்த்து மாட்டிவிடுகிறார்.

பெரிய ஆபத்து பவர் பத்திரத்தில்தான். வாடகைக்கு விட ஸ்பெஷல் பவர் போதும். விற்கவும் அடமானம் வைக்கவும் இடம் தரும் ஜெனரல் பவரை நீட்டினால் பேனாவை மூடிவிடுங்கள். வாடகையும் அட்வான்ஸும் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கே வரட்டும்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் பராமரிப்பாளரையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அவர் யார், எந்தெந்த வேலைக்கு அதிகாரம் பெற்றவர் என்று உரிமையாளர் குடியிருப்பவரிடம் சொல்லியாக வேண்டும். வாடகை பாக்கி என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த இருவருக்கும் உரிமை கிடையாது. நிறுத்தினால் குடியிருப்பவர் வாடகை அதிகார அமைப்பிடம் போகலாம்.

உங்களுக்கும் பராமரிப்பாளருக்கும் தகராறு வந்தால் அது வேறு வழக்கு. சேவைக் குறைபாடு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் அழைத்துக் கேட்கலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வாடகையை வாங்கிச் சுருட்டியிருந்தால் போலீஸ் புகார். பவரை ரத்து செய்தால் அதையும் பதிவு செய்து, குடியிருப்பவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த மாத வாடகையும் பழைய ஆள் கைக்கே போகும்.

அத்தை ஆளை மாற்றவில்லை. இப்போது பழைய காயிலின் போட்டோவும் கடை பில்லும் வாட்ஸ்அப்பில் வந்தால்தான் பணம் போகிறது. அதன்பிறகு மோட்டார் கெட்டதாகத் தகவல் இல்லை.