பில்லில் தங்கிவிடும் மாதிரி டெலிபோன் எண்

மளிகைக் கடை பில்லின் அடியில் "வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படும், அழைக்கவும்" என்று ஒரு செல் நம்பர் அச்சாகிறது. அது நம்முடைய நம்பர்தானா என்று நம்மில் எத்தனை பேர் ஒவ்வொரு இலக்கமாகப் படித்துப் பார்த்திருக்கிறோம்? பில்லில் நாம் பார்ப்பது தொகையை. வாடிக்கையாளர் பார்ப்பதும் தொகையைத்தான். அடியில் உள்ள நம்பரை ஒருவர் தேடுவது சரக்கில் குறை இருக்கும்போது, அல்லது மேலும் சரக்கு தேவைப்படும்போது. அதாவது, அந்த அழைப்பு நமக்கு வந்தே ஆக வேண்டிய நேரத்தில்.

பில் போடும் மென்பொருளை எழுதுகிறவர்கள் வேலைக்கு நடுவே இடத்தை நிரப்புவதற்காக வைக்கும் மாதிரி டெலிபோன் எண்களைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறோம். அவை எடுக்கப்படாமல் தங்கிவிட்டால் நமக்கும் சங்கடம். நாம் முகம்கூடப் பார்த்திராத யாரோ ஒருவருக்கும் சங்கடம்.

மென்பொருள் எழுதுகிறவர் நம் ஒரு கடையை மட்டும் மனதில் வைத்து எழுதுவதில்லை. நூறு கடைக்கும் பொருந்தும்படி ஒரே நிரலை எழுதுகிறார். கடைப் பெயர் வர வேண்டிய இடத்தில் 'ஏபிசி ஸ்டோர்ஸ்' என்றும், விலாசம் வர வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு தெருப் பெயரையும், டெலிபோன் வர வேண்டிய இடத்தில் ஒரு பத்து இலக்க எண்ணையும் போட்டு, பில் ஒழுங்காக அச்சாகிறதா, எழுத்து வரி தாண்டுகிறதா என்று சோதித்துப் பார்க்கிறார். இதில் குற்றம் இல்லை. முன்பெல்லாம் விலை தெரியாமல் வந்து இறங்கிய சரக்குக்குக் கணக்குப்பிள்ளை சிட்டையில் பென்சிலால் ஒரு தொகை போட்டு வைப்பார். பட்டியல் வந்தபின் பேரேட்டில் மையால் எழுதுவார். பென்சில் தொகை அப்படியே பேரேட்டுக்கு ஏறிவிட்டால்தான் வம்பு. மாதிரி எண்ணும் பென்சில் எழுத்துதான். ஆனால் திரையில் பார்த்தால் அது பென்சில் என்று தெரியாது. 'ஏபிசி ஸ்டோர்ஸ்' என்று தலைப்பில் வந்தால் முதல் பில்லிலேயே கண்ணில் பட்டுவிடும். பத்து இலக்க எண்ணோ மற்ற எல்லாச் செல் நம்பரையும் போலவே சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

நம்மிடம் பருப்பும் எண்ணெயும் எடுக்கும் ஒரு சில்லறை வியாபாரிக்கு இப்படித்தான் ஆயிற்று. புதிதாகப் பில் மிஷினும் மென்பொருளும் வைத்துக் கொடுத்தவர்கள், தலைப்பில் கடைப் பெயரையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் சரியாகவே மாற்றினார்கள். பாக்கியை நினைவூட்டிச் செல்லும் குறுஞ்செய்தியின் முடிவில் 'விவரங்களுக்கு' என்று வரும் எண்ணை மாற்றவில்லை. அது நிரலுக்குள் தனியாக வேறொரு இடத்தில் எழுதப்பட்டிருந்ததாம். நான்கு மாதம் யாருக்கும் தெரியவில்லை. பாக்கித் தொகையில் சந்தேகம் வந்தவர்கள் அந்த எண்ணை அழைத்தார்கள். எடுத்தவர் வேறு மாநிலத்துக்காரர், தமிழ் தெரியாது. முதலில் பொறுமையாகப் பதில் சொன்னவர், நாளாக ஆக ஏச ஆரம்பித்துவிட்டார். ஏச்சு வாங்கியவர்களின் கோபம் யார்மேல் திரும்பும்? இருபது வருஷமாக மாதச் சரக்கு வாங்கிவந்த ஒரு டீச்சரம்மா, "பாக்கி கேட்க ஆள் வைத்து ஏச விடுகிறீர்களா அண்ணாச்சி" என்று கேட்டுவிட்டு, கையோடு கணக்கைத் தீர்த்துக்கொண்டு போய்விட்டார். விஷயம் தெரிந்ததும் மென்பொருள்காரர் ஐந்து நிமிஷத்தில் எண்ணை மாற்றிக் கொடுத்தார். டீச்சரம்மாவின் கணக்கு இன்றுவரை திரும்பவில்லை.

இதைவிட அதிகமாக நடப்பது வேறொன்று. அதில் மென்பொருள்காரருக்குப் பாதிப் பங்கு, நம் கல்லாவில் நிற்பவருக்குப் பாதிப் பங்கு. பல மென்பொருள்களில் வாங்குபவரின் செல் நம்பரைக் கொடுக்காமல் பில் நகராது. வந்தவர் நம்பர் தர மறுக்கிறார். பின்னால் ஆறு பேர் காத்து நிற்கிறார்கள். கல்லாவில் நிற்கும் பையன் என்ன செய்வான்? ஒரே இலக்கத்தைப் பத்து முறை தட்டுவான், அல்லது வரிசையாக இறங்குமுகமாகத் தட்டுவான். சில மென்பொருள்களில் அந்தச் சிரமமும் இல்லை. 'பொது வாடிக்கையாளர்' என்ற பெயரில் ஒரு மாதிரி எண் ஏற்கெனவே உள்ளே இருக்கும். அவை என்னென்ன எண்கள் என்று முழுதாக இங்கே அச்சிடாமல் விடுகிறோம். படித்தவுடன் அழுத்திப் பார்க்கத் தோன்றும். எங்கோ ஒரு வீட்டில் மணி அடிக்கும்.

ஏன் அடிக்கும் என்றால், நம் நாட்டில் செல்பேசி எண்கள் பத்து இலக்கம். 6, 7, 8, 9 ஆகிய இலக்கங்களில் ஒன்றில் தொடங்குபவை. மென்பொருள் பெரும்பாலும் இந்த இரண்டை மட்டுமே சரிபார்க்கிறது. பத்துப் பூஜ்யம் போட்டால் 'தவறான எண்' என்று திருப்பிவிடும். ஒன்பதில் தொடங்கினால் வாங்கிக்கொள்ளும். அதாவது மென்பொருள் ஏற்றுக்கொள்ளும் பொய் எண் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு மெய் எண்ணாக இருக்க இடமுண்டு. அதிலும் ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வரும் எண்களுக்குச் சந்தையில் கிராக்கி. பி.எஸ்.என்.எல். நிறுவனம் இத்தகைய ஃபேன்சி எண்களை ஏலம் விட்டே விற்கிறது. ஒருவர் காசு கொடுத்து ஆசையாக எடுத்த எண்ணில், ஊர் பேர் தெரியாத கடைகளின் பில் செய்தி எல்லாம் போய் விழும்.

தொல்லை அவரோடு நிற்பதில்லை. வாடிக்கையாளரைச் செல் நம்பரை வைத்தே அடையாளம் காணும் மென்பொருளில், ஒரே எண்ணில் பதிவான அத்தனை பேரும் கணக்கில் ஒரே ஆள் ஆகிவிடுவார்கள். ஒருவர் வாங்கிய கடன் இன்னொருவர் பெயரில் காட்டும். பரிசுப் புள்ளி கொடுக்கும் கடைகளில், நம்பர் தராத நூறு பேரின் புள்ளிகள் அந்தப் பொது எண்ணில் மலைபோல் சேரும். அந்த எண் கல்லாவில் இருப்பவருக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியாது. மிச்சத்தை நாம் சொல்ல வேண்டியதில்லை. பாக்கி விஷயம் இன்னும் மோசம். இன்னார் இவ்வளவு பாக்கி என்ற செய்தி அன்னியர் ஒருவர் கைக்குப் போகிறது. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் தங்களுக்குள் வைத்துக்கொள்வதுதான் நம் தொழிலின் மரியாதை. இப்போது சட்டமும் அதைக் கேட்கிறது. தனிநபர் விவரங்களைக் காப்பதற்கு 2023-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வரும்படி அமைந்திருக்கின்றன.

இந்தத் தொல்லையை மற்ற நாட்டவர் எப்படிச் சமாளித்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர்களுக்கு இது முதலில் வந்தது கம்ப்யூட்டரால் அல்ல, சினிமாவால். அமெரிக்கப் படங்களில் யாராவது டெலிபோன் எண் சொன்னால் அது 555 என்று தொடங்குவதைப் பலர் கவனித்திருக்கலாம். யார் வீட்டுக்கும் போகாத எண்களாக அவை வழங்கிவந்தன. இன்று 555-0100 முதல் 555-0199 வரை உள்ள நூறு எண்கள் கற்பனைக் கதைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பிரிட்டனில் ஆஃப்காம் என்ற தொலைத்தொடர்பு ஆணையம் ஊர்வாரியாக நாடகங்களுக்கென்று எண்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. செல்பேசிக்கும் தனியாக ஆயிரம் எண்கள் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் இதுபோல் ஏற்பாடு இருக்கிறது. விவரம் தெரிந்த மென்பொருள்காரர்கள் மாதிரிக்கு இந்த எண்களையே எடுத்துக்கொள்கிறார்கள். மறந்து தங்கிவிட்டாலும் யாருக்கும் மணி அடிக்காது.

இந்த ஏற்பாட்டைத் தாண்டிப் போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு 2003-ல் வந்த 'புரூஸ் ஆல்மைட்டி' என்ற ஆங்கிலப் படம் சாட்சி. அதில் கடவுளே கதாநாயகனின் பேஜருக்கு ஒரு எண்ணை அனுப்புவார். கதை நடப்பது பஃபலோ நகரத்தில். அந்த நகரத்தில் அந்த எண் யாருக்கும் இல்லை என்று பார்த்துத்தான் வைத்தார்கள். ஆனால் எஸ்.டி.டி. கோடு சொல்லாத ஏழு இலக்க எண் ஒவ்வொரு ஊரிலும் ஒருவருக்கு இருக்குமே! படம் பார்த்தவர்கள் அவரவர் ஊரில் அழுத்தி, கடவுள் இருக்கிறாரா என்று கேட்டார்கள். பிறகு வீடியோவில் வந்தபோது 555 எண்ணாக மாற்றினார்கள். ஓர் ஊரில் விசாரித்துவிட்டு நாடு முழுவதும் விற்பதில் உள்ள ஆபத்து மொத்த வியாபாரம் செய்கிற நமக்குப் புதிதல்ல.

நம் ஊரிலும் நடந்தது. 2024 தீபாவளிக்கு வெளியான 'அமரன்' படத்தில் கதாநாயகியின் எண்ணாகக் காட்டப்பட்டது தன்னுடைய செல் நம்பர் என்று சென்னையைச் சேர்ந்த பொறியியல் மாணவர் ஒருவர் புகார் செய்தார். ஓயாமல் அழைப்புகள் வந்து படிக்கவும் தூங்கவும் முடியவில்லை என்று 1 கோடியே 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. அந்த எண் பிறகு படத்திலிருந்து நீக்கப்பட்டது.

படத்தையாவது வெட்டலாம். சரக்கோடு சேர்ந்து விற்றுப் போனதை என்ன செய்வது? 2003-ல் அமெரிக்காவில் இணைய இணைப்புப் பெட்டி செய்யும் நெட்கியர் நிறுவனத்தின் சில பெட்டிகளில், மணி பார்ப்பதற்காக விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஒன்றின் முகவரி நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. விற்றுப்போன லட்சக்கணக்கான பெட்டிகளும் மணி கேட்டு அந்த ஒரே கம்ப்யூட்டரின் கதவைத் தட்டின. வீடுவீடாகப் போய் எல்லாவற்றையும் மாற்ற முடியுமா? பல்கலைக்கழகம் நெடுநாள் அந்தப் பாரத்தைச் சுமந்தது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே நடந்த ஒன்றும் உண்டு. இதை மாதிரி எண் கதைகளிலேயே பெரியது என்போம். நடந்ததும் கடை கண்ணிகளில்தான். 1938-ல் நியூயார்க் மாநிலத்தில் மணிபர்ஸ் தயாரிக்கும் ஒரு கம்பெனி, அரசாங்கத்தின் சமூகப் பாதுகாப்பு அட்டை பர்ஸுக்குள் எப்படிப் பொருந்தும் என்று காட்ட, ஒவ்வொரு பர்ஸிலும் மாதிரி அட்டை ஒன்றை வைத்தது. அதில் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் உண்மையான எண்ணையே அச்சிட்டார்கள். வூல்வொர்த் கடைகள் மூலம் நாடு முழுவதும் பர்ஸ் விற்றது. அட்டை அளவில் பாதி, எழுத்து சிவப்பு, மாதிரி என்றும் போட்டிருந்தது. இருந்தும் வாங்கியவர்கள் அதைத் தங்கள் எண் என்று எடுத்துக்கொண்டார்கள். 1943-ல் 5,755 பேர் அந்த எண்ணைத் தங்களுடையதாகப் பயன்படுத்தினார்கள். எல்லாக் காலமும் சேர்த்து 40,000-க்கும் மேற்பட்டவர்கள். 1977-லும் 12 பேர் விடவில்லை. அந்த அம்மாளுக்குப் புது எண் கொடுத்து, பழையதை அரசாங்கம் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. 'மாதிரி' என்று கொட்டை எழுத்தில் போட்டும் இந்தக் கதி. நம் மென்பொருளிலோ அந்த வார்த்தைகூட இருப்பதில்லை.

சரி, நாம் செய்யக்கூடியது என்ன? நம்பர் தராதவரின் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். விட முடியாதபடி மென்பொருள் இருந்தால், கட்டாயத்தை எடுத்துத் தரும்படி விற்றவரிடம் கேளுங்கள். "அப்படியெல்லாம் முடியாது சார், ஜி.எஸ்.டி.க்கு வேண்டும்" என்று சொல்லக்கூடும். ஜி.எஸ்.டி. விதிகளில் பில்லில் இருக்க வேண்டியவை என்று சொல்லப்பட்ட பட்டியலில் வாங்குபவரின் செல் நம்பர் இல்லை. நம்பர் கொடுத்தால்தான் பில் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இவற்றைச் சொன்னால் பெரும்பாலும் மென்பொருள்காரர் வழிக்கு வந்துவிடுவார்.

சொந்தமாகப் பாக்கெட் போடும் உறுப்பினர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாக்கெட் சரக்குகளுக்கான 2011-ஆம் வருட எடையளவு விதிகளின்படி, குறை இருந்தால் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயர், விலாசம், டெலிபோன் எண் லேபிளில் இருக்க வேண்டும். லேபிளை டிசைன் செய்கிறவரும் பழைய மாதிரியைத் திறந்து எழுத்தை மாற்றித்தான் கொடுக்கிறார். பில் என்றால் மறுநாள் திருத்தலாம். பத்தாயிரம் கவர் அச்சாகி வந்தபின் பார்த்தால், ஸ்டிக்கர் ஒட்ட ஆள் தேட வேண்டும். புரூஃப் பார்க்கும்போது கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் செல்லை வைத்துக்கொண்டு, தாளில் உள்ளபடியே இலக்கம் இலக்கமாக அழுத்துங்கள். நம் கடை மணி அடித்தால் கையெழுத்துப் போடுங்கள்.

பில்லுக்கும் அதே வழிதான். ஒரு பில், ஒரு பாக்கிச் செய்தி, சரக்குத் திருப்பிய ரசீது ஒன்று, புள்ளிச் செய்தி ஒன்று என எல்லாவற்றையும் முதலில் நம் வீட்டு எண்ணுக்கே அனுப்பி, அதில் வரும் எண்களை அழைத்துப் பார்க்க வேண்டும். எண் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கும். ஓரிடத்தில் மாற்றினால் மற்ற இடங்களில் தானாக மாறும் என்று நினைக்க வேண்டாம். வருஷச் சந்தா புதுப்பிக்கும்போதும், மென்பொருள்காரர் புதிய பதிப்பு ஏற்றிவிட்டுப் போகும்போதும், மிஷின் பழுதாகி வேறு மிஷின் வரும்போதும் பழைய மாதிரி எண் மறுபடி வந்து உட்கார்ந்துவிடுவதுண்டு. ஆகவே அன்றைய முதல் பில்லை வாடிக்கையாளரிடம் கொடுக்கும் முன் ஒருமுறை அழைத்துப் பார்த்துவிடுங்கள்.