சிவப்பு லைட் எரிந்தால் வண்டியை எடுக்காதீங்க!

முன்பெல்லாம் தோட்டத்தில் வாகனம் என்றால் தொரையின் ஜீப், கொழுந்து லொறி, அவ்வளவுதான். இன்று லயத்துக்கு லயம் ஆட்டோ நிற்கிறது. நகையை அடகு வைத்தும், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அனுப்பிய காசிலும் வான் வாங்கி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் போவதும் இந்த வண்டிகள்தான். ஆகவே பிரேக்கைப் பற்றி டிரைவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. வண்டியில் ஏறுகிற அம்மாவுக்கும் பிள்ளைக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பிரேக் எப்படிப் பிடிக்கிறது?

டிஸ்பென்சரியில் ஊசி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் அழுத்தினால் முன்னால் மருந்து வருகிறது. நடுவில் இருக்கும் மருந்து நசுங்குவதில்லை. பிரேக்கும் அப்படித்தான். பெடலை மிதிக்கும்போது மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஒயில் குழாய் வழியே தள்ளப்பட்டு, சக்கரங்களில் உள்ள லைனரை அழுத்துகிறது. வண்டி நிற்கிறது.

ஒயில் குறைந்து குழாய்க்குள் காற்று புகுந்தால் என்ன ஆகும்? காற்று நசுங்கும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். காலின் பலம் சக்கரம்வரை போய்ச் சேராது.

அந்த லைட் சொல்வது என்ன?

மீட்டர் பலகையில் ஒரு வட்டமும், அதற்குள் ஆச்சரியக்குறியும், இரண்டு பக்கமும் வளைந்த கோடும் சிவப்பாகத் தெரியும். சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகி, ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் எரியவே இல்லை என்றால் பல்ப் அல்லது வயர் போயிருக்கலாம். அதையும் பார்க்க வேண்டும்.

ஓடும்போது லைட் எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தும் எரிந்தால், பிரேக் ஒயில் குறைந்திருக்கலாம், அல்லது பிரேக்கில் வேறு கோளாறு இருக்கலாம். வளைவிலும் இறக்கத்திலும் மட்டும் மினுக் மினுக்கென்று எரிந்து அணைகிறதா? டாங்கியில் ஒயில் கீழ்க்கோட்டை நெருங்கிவிட்டது, வண்டி சாயும்போது அது ஒதுங்குகிறது என்று அர்த்தம். “அது சும்மா எரியுது அண்ணே, ரெண்டு மாசமா இப்படித்தான்” என்று சொல்வது ஆபத்தான பேச்சு.

மஞ்சள் நிறத்தில் ஏ.பி.எஸ். லைட் எரிந்தால் சாதாரண பிரேக் பெரும்பாலும் பிடிக்கும். ஆனால் மழையில் சடுதியாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் ஓரமாக நிறுத்துங்கள், மேலே ஓட்டாதீர்கள்.

ஒயிலைப் பார்ப்பது எப்படி?

வண்டியைச் சமதரையில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ஒயில் டாங்கியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு இருக்கும். ஒயில் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றியுள்ள தூசியைத் துடையுங்கள். ஒயில் பெயின்டில் பட்டால் பெயின்ட் உரியும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். எச்சரிக்கை லைட் இல்லாத ஆட்டோ என்றால் கண்ணால் பார்ப்பது ஒன்றுதான் வழி.

ஒயில் ஏன் குறைகிறது? லைனர் தேயத் தேய மெதுவாகக் குறையும். அப்போது ஒயில் ஊற்றினால் லைட் அணையும், தேய்ந்த லைனர் அப்படியே இருக்கும். சில நாளிலேயே குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. சக்கரத்தின் உட்பக்கத்திலும், பெடலுக்குப் பக்கத்திலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் கராஜுக்குத்தான் போக வேண்டும்.

எந்த ஒயில்?

டாங்கி மூடியில் டொட் 3 அல்லது டொட் 4 என்று போட்டிருக்கும். அதையே வாங்குங்கள். டொட் 5 வேறு வகை, அதைக் கலக்கக்கூடாது. அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதிப்போய் முழுப் பிரேக்கும் கெட்டுவிடும்.

பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் மலைநாட்டில் ஈரத்துக்குக் குறைவில்லை. புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு 140 பாகையிலேயே கொதிக்கலாம். நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரம், கண்டி சுமார் 500 மீற்றர். அந்த இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் எவ்வளவு சூடேறும் என்று யோசித்துப் பாருங்கள். ஒயில் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவியும் காற்றைப் போலவே நசுங்கும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒயிலை முழுவதும் மாற்றச் சொல்கிறார்கள். திறந்து வைத்த பழைய போத்தல் ஒயிலைப் பாவிக்காதீர்கள்.

இறக்கத்தில் கவனம்

ஏறின கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும், எஞ்சினை அணைப்பதும் கூடவே கூடாது. எஞ்சினின் பிடிப்பு போய்விடும். வானில் எஞ்சின் நின்றால் பெடலும் கல்லாகிவிடும்.

பிரேக் பிடிக்காமல் போனால் பெடலைத் திரும்பத் திரும்ப வேகமாக மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் கம்பியால் இயங்குவது, அதற்கு ஒயில் தேவையில்லை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஹோர்ன் அடித்தபடி மண்மேட்டுப் பக்கம் ஒதுக்குங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டாம்.

பெற்றோரே, பிள்ளைகள் போகும் வண்டியில் அந்தச் சிவப்பு லைட் எரிந்தால், “தம்பி, அது ஏன் எரியுது?” என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. டிரைவர் தம்பிமாரே, கேட்டால் கோபப்படாதீர்கள். இன்று போகாத ஹயரை நாளைக்குப் பிடித்துக்கொள்ளலாம். கிழமைக்கு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது, ஒயில் டாங்கியையும் ஒருமுறை பாருங்கள். ஐந்து நிமிஷ வேலைதான்.