நடைவண்டியும் வாக்கரும்

தவழும் குழந்தை எழுந்து நடப்பது நமக்குச் சாதாரணமாகத் தோன்றுகிறது. இயற்பியல் நோக்கில் அது கடினமான பாடம். நிற்கும்போது, உடலின் புவியீர்ப்பு மையத்திலிருந்து கீழே வரையும் செங்குத்துக்கோடு இரு பாதங்கள் அடைக்கும் பரப்புக்குள் விழவேண்டும். இல்லையேல் குழந்தை விழும். அந்த எல்லையை அது தன் உடம்பாலேயே அறிந்தாக வேண்டும்.

இதற்கு நம்மவர் செய்த கருவி நடைவண்டி. ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணைத் தேடினால் ஒன்று கிடைக்கலாம். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, குழந்தையின் நெஞ்சளவில் ஒரு குறுக்குச் சட்டம், அவ்வளவுதான். சட்டத்தைப் பிடித்துத் தள்ளும் விசை வண்டியை முன்பக்கம் கவிழ்க்கப் பார்க்கும். முன்சக்கரம் நன்கு தள்ளி அமைந்திருப்பதால் வண்டியின் எடை அதைத் தடுக்கிறது. மரச்சக்கரம் மர இருசில் சுழல்வதால் உராய்வு அதிகம். தள்ளினால் நகரும், விட்டால் நின்றுவிடும். (அண்ணன்மார் யாரும் இருசுக்கு எண்ணெய் போட்டுவிட வேண்டாம்! வண்டி முந்தி ஓடும், தம்பி குப்புற விழுவான்.) இங்கே உராய்வுதான் பிரேக். எப்போது நகர்வது, எப்போது நிற்பது என்பதைக் குழந்தையே தீர்மானிக்கிறது.

கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் வாக்கரைப் பாருங்கள். குழந்தையின் எடையைத் துணி இருக்கை தாங்குகிறது; சமநிலையை அகன்ற வளையம் பார்த்துக்கொள்கிறது. கற்கவேண்டிய இரண்டையும் கருவியே செய்துவிட்டால் குழந்தைக்கு என்ன மிச்சம்? கால்விரலால் தரையை உந்துவது மட்டுமே. தன் பாதங்களைக்கூட அது பார்க்க முடியாதபடி முன்தட்டு மறைக்கிறது. வாக்கரில் பழகிய குழந்தை சீக்கிரம் நடப்பதில்லை, தாமதமாகலாம் என்றே குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

எந்தப் பக்கமும் திரும்பும் அதன் சிறு சக்கரங்களில் உராய்வு மிகக் குறைவு. வினாடிக்கு 1 மீட்டர் வேகம் எளிதில் வந்துவிடும். நடைவண்டியின் வேகம் கால் மீட்டர் என்று கொள்வோம். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அல்லவா? அதே குழந்தைக்கு 16 மடங்கு ஆற்றல்! அம்மா எட்டிப் பிடிப்பதற்குள் வாக்கர் படிக்கட்டை அடைந்துவிடும். படிகளில் உருண்டு குழந்தைகள் தலையில் அடிபட்டதால், 2004 ஏப்ரலில் கனடா வாக்கரின் விற்பனை, இறக்குமதி, விளம்பரம் மூன்றையும் தடை செய்தது. இந்தியாவில் அது இன்றும் தாராளமாக விற்கிறது.

நடைவண்டிக்கும் படியும் திண்ணையும் ஆகா. சமதரையில், பெரியவர் ஒருவர் அருகிருக்கவே தரவேண்டும். இன்னொன்று: சட்டத்தைப் பின்னுக்கு இழுத்தால் வண்டி பின் இருசைச் சுற்றிக் குழந்தைமேலேயே சாயும். ஆகவே சுவரைப் பிடித்துத் தானாக எழுந்து நிற்கத் தெரிந்த பிறகே பரணிலிருந்து அதை இறக்குங்கள்.